பெயரன் பெயரும் பதிவேடும்

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குதலின் அப்பெயர் பெற்றான். தமிழகத்தினின்று இவ்வழக்கைச் சுமந்து வந்தோருள், ஊவா மாகாணத்து லுணுகலையைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களிற் குடியேறியோரும் அடங்குவர். முத்துசாமியின் மகன் கருப்பையா. கருப்பையாவின் மூத்த மகன் மீண்டும் முத்துசாமி. குடும்பப் பெயர் என ஒன்று இல்லாதிருப்பினும், ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையிற் பெயர் திரும்பி வருதலால் முன்னோர் நினைவு வீட்டிலே நிலைபெற்றது.

ஆயின் வாயில் வழங்கிய பெயரும் ஏட்டில் ஏறிய பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தில. மாமனார் பெயரை மருமகள் சொல்லலாகாது என்பது மரபு. ஆதலின் பாட்டன் பெயர் பெற்ற பிள்ளையைத் தாய் ‘ராசா’ என்றோ ‘தம்பி’ என்றோ அழைப்பாள். நாளடைவில் அதுவே லயம் முழுதும் அறிந்த பெயராகிவிடும். செக்ரோலிற் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் லகர ளகர ழகர வேறுபாடு மறைந்தது. குறிலும் நெடிலும் மயங்கின. வேலாயியும் வெள்ளாயியும் ஒருத்தியாகத் தோன்றுதற்கு இடமுண்டாயிற்று. கருப்பன் எனப் பதியப்பட்ட தந்தையைக் கருப்பையா என மகன் எழுதிக்கொண்டதும் உண்டு. அது பிழையன்று, மானம் கருதிய திருத்தம். அதிகாரியின் கண்ணுக்கோ கருப்பனும் கருப்பையாவும் வெவ்வேறு மனிதர்.

இவ்வேறுபாடு 1948 வரை வீட்டு விவகாரமாகவே இருந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் அதனை வாழ்வு தாழ்வுப் பிரச்சினை ஆக்கிற்று. இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவழிக் குடிமகன் ஆவதற்குத் தன் தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோர் என்றோ காட்டல் வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1897-இல். பூட்டனுக்குச் சான்று எங்கிருந்து வரும்? பின்வந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவருள் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவரே. பாட்டன் பெயரை நாள்தோறும் அழைத்து வாழ்ந்த குடிகள், பாட்டன் இன்னாரென நிறுவ இயலாது நின்றமை எத்துணைக் கொடிய முரண்!

ஒருவர்க்கு இரு பெயர் வழங்குதல் தமிழர்க்கே உரியதன்று. 17-ஆம் நூற்றாண்டிற் கனடாவின் கியூபெக் பகுதியிற் குடியேறிய பிரெஞ்சுக்காரர் பலர், குலப்பெயருடன் ‘எனப்படும்’ என்னும் பொருள்தரும் சொல்லை இடையிட்டு மற்றொரு பெயரும் பூண்டனர். 1665-இல் வந்திறங்கிய போர்வீரர்க்குப் படைப்பெயர் இருந்தது. அது பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது. ஆயினும் அங்குக் குருமார் இரு பெயரையும் சேர்த்து எழுதியதும் உண்டு. மணமான பெண்ணையும் அவள் பிறந்த குடியின் பெயராலேயே குறித்தனர். 1621 முதலான அத்தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டே தாங்கே என்னும் பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வம்சாவழி அகராதி வெளியிட்டார். தோட்டத்து ஏடு அத்தகையதன்று. அது உழைப்பையும் கூலியையும் கணக்கிட எழுந்தது. குடிவழியைக் காக்க எழுந்ததன்று.

ஆதலின் லுணுகலைக் குடும்பம் ஒன்றின் மூலவூரைத் தேடுவோர் ஏட்டோடு நின்றுவிடலாகாது. எந்தக் கங்காணியின் கீழ்க் குடும்பம் வந்தது என வினவல் வேண்டும். கங்காணி தன் ஊரிலும் அயலூர்களிலுமே ஆள் திரட்டுவது பெருவழக்கு. குலதெய்வம் யாது என்பது அதனினும் உறுதியான சான்று. கருப்பரும் முனியாண்டியும் பல ஊர்க்குப் பொதுவேயெனினும், தெய்வத்தோடு ஒட்டிய ஊர்ப்பெயர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்ததா, சேலத்ததா, இராமநாதபுரத்ததா என்பதைக் காட்டிக்கொடுக்கும். பெண்வழி தேடுதல் மிகக் கடினம். மணத்தின்பின் தந்தை பெயர் நீங்கிக் கணவன் பெயர் முன்னிற்பதே காரணம்.

முதிய பெண்டிர் அறிந்தது ஏடறிந்ததினும் மிகுதி. ஆனால் மாமனார் பெயரென்ன என்று அவரை நேரே வினவினால் விடை வாராது. மூத்த பேரனுக்கு இட்ட பெயரென்ன என்று, அருகிலிருக்கும் சிறுவரைக் கேட்டல் வேண்டும்.