பள்ளிக்கூடக் கம்ப்யூட்டருக்கு வரும் பார்சல்

திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷனில் பார்சல் புக் செய்திருப்பவர்களுக்கு அந்த முறை தெரியும். மூட்டையைக் கொண்டுபோய் வைத்தவுடன் வண்டியில் ஏற்றிவிட மாட்டார்கள். எடை போட வேண்டும். அனுப்புபவர் யார், பெறுபவர் யார், சேர வேண்டிய ஊர் எது, உள்ளே இருக்கும் சரக்கு என்ன என்று எழுத வேண்டும். மார்க்கா போட்டு, ரசீது வாங்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போனால், சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் யாராவது ஒருவர் நாலு நாள் அலைய வேண்டியதுதான்.

கம்ப்யூட்டருக்குள் போகும் சரக்குக்கும் இதே போன்ற மார்க்காவும் ரசீதும் உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் தினமும் கையாளுகிற சரக்கு அது.

பூஜப்புரையில் இயங்கும் ‘கைட்’ என்ற கேரள அரசு நிறுவனம் பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வியைக் கவனித்து வருகிறது. 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டமாகத் தொடங்கி, 2017-ல் தனி நிறுவனமாக ஆனது இது. பள்ளிகளில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கென்று இவர்கள் தயாரித்து அனுப்பும் தொகுப்பில் எல்லாமே சுதந்திர மென்பொருள்கள். அதாவது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். கணக்குப் பாடத்துக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய ஜிம்ப், கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ் என்று பலவும் அதில் அடக்கம்.

2019-ல் இந்த நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் இந்தத் தொகுப்பு போடப்பட்டதால் மிச்சமான தொகை 3,000 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வருகிறது. அத்தனை மென்பொருளையும் முழு விலை கொடுத்து எந்தப் பள்ளிக்கூடமும் வாங்கியிருக்காது என்பது வேறு விஷயம். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 300 கோடி!

இந்த நகரத்துக்கும் சுதந்திர மென்பொருளுக்கும் உள்ள உறவு பழையது. இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இங்கேதான். 2001 ஜூலை 20-ந் தேதி, அந்த இயக்கத்தின் பிதாமகரான அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து தொடங்கிவைத்தார்.

மூட்டைக்குள் என்ன?

மென்பொருளை எழுதுகிறவர் ஒருவர். அதைப் பிறருடைய கம்ப்யூட்டரில் ஏறும்படி கட்டி அனுப்புகிறவர் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆசாமியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பாட்டு எழுதியவர், பாடியவர் பெயரெல்லாம் தெரியும். இசைத்தட்டைப் பத்திரமாகக் கட்டிக் கடைக்கு அனுப்பியவர் பெயர் யாருக்குத் தெரியும்?

அவர் கட்டும் மூட்டைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் பேக்கேஜ். தமிழில் பொதி என்கிறார்கள், பொருத்தமான சொல். கைட் தொகுப்புக்கு அடித்தளம் உபுண்டு. உபுண்டுவுக்கு அடித்தளம் டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற இளைஞர் தொடங்கியது டெபியன். இன்று உலகம் முழுவதும் உள்ள தொண்டர்கள் அதை நடத்தி வருகிறார்கள். 2023 ஜூனில் வெளிவந்த அதன் 12-வது பதிப்பில் 64 ஆயிரத்துக்கும் அதிகமான பொதிகள் இருந்தன.

ஒரு டெபியன் பொதியைப் பிரித்தால் உள்ளே மூன்று உருப்படிகள். முதலாவது, இது எந்த முறைப்படி கட்டிய மூட்டை என்று சொல்லும் ஒரு சின்னச் சீட்டு. இரண்டாவது, வே-பில் மாதிரி ஒரு விவரக் கட்டு: பொதியின் பெயர், எத்தனையாவது பதிப்பு, பொறுப்பாளர் யார், இது ஓடுவதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் தேவை என்ற விவரம். மூன்றாவதுதான் சரக்கு.

‘வேறு எந்தெந்தப் பொதிகள் தேவை’ என்ற அந்த ஒரு வரியில்தான் தலைவலி முழுவதும் இருக்கிறது. சாம்பார் வைக்கப் பருப்பு மட்டும் வந்தால் போதுமா? புளி வேண்டும், பொடி வேண்டும். பொடிக்கு மல்லி வேண்டும், மிளகாய் வேண்டும். ஒரு பொதியைக் கேட்டால் அது பத்தைக் கேட்கும். அந்தப் பத்தும் சேர்ந்து நாற்பதைக் கேட்கும். இதையெல்லாம் தேடிப் பிடித்து, முறைப்படி வரிசையாக இறக்கி வைக்கும் வேலையை ‘ஆப்ட்’ என்ற கருவி 1998 முதல் செய்து வருகிறது. பயன்படுத்துகிறவர் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி பிழையின்றி வேலை செய்ய வேண்டுமானால், பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் தம் சீட்டைச் சரியாக எழுதியிருக்க வேண்டும்.

கேரளத்துக்காரரான பிரவீண் அரிம்பிரதொடியில் இதில் பெயர் பெற்றவர். கிட்லேப் என்ற பெரிய மென்பொருளை டெபியன் பொதியாக்கும் வேலையில் அவர் இறங்கினார். அந்த ஒன்றைக் கட்டுவதற்கு முன் அது கேட்ட சிறு சிறு பொதிகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியதும் உண்டு. கேரளக் கல்லூரிகளில் மாணவர்களை உட்கார வைத்துப் பொதி கட்டக் கற்றுக்கொடுத்து வந்தவரும் இவரே. டெபியன்காரர்களின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் முதன்முறையாக இந்தியாவில், அதுவும் கொச்சியில் நடந்ததென்றால், இப்படிப்பட்டவர்களின் உழைப்புக்கு அதில் பங்கு உண்டு.

பதினொரு வரி செய்த கலாட்டா

மூட்டை ஒன்று காணாமல் போனால் என்ன ஆகும்? 2016 மார்ச் மாதம் உலகம் அதைப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதுகிறவர்களுக்கு ‘என்.பி.எம்.’ என்றொரு பொதிக் கிடங்கு உண்டு. அங்கே தம்முடைய ஒரு பொதியின் பெயரைப் பற்றி ஒரு கம்பெனியுடன் தகராறு ஏற்பட்டு, கிடங்குக்காரர்கள் அந்தப் பெயரைப் பிடுங்கிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதால், கோபித்துக்கொண்ட ஓர் எழுத்தாளர் தம் பொதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். 250-க்கும் மேற்பட்டவை. அவற்றில் ஒன்று ‘லெஃப்ட் பேட்’. வெறும் 11 வரி. எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதைச் சார்ந்த பொதிகள், அவற்றைச் சார்ந்த பொதிகள் என்று பெரிய பெரிய கம்பெனிகளில் எல்லாம் வேலை நின்றுபோயிற்று. சுமார் இரண்டு மணி நேரத்தில் கிடங்குக்காரர்கள் அதைத் திரும்ப வைத்தார்கள்.

அது கோபம். 2024-ல் நடந்தது திருட்டு.

எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் ஓடும் இடங்களில் எல்லாம் இருக்கும். அதைப் பல வருஷமாக ஒருவர் சம்பளமின்றி, ஓய்வு நேரத்தில் கவனித்து வந்தார். அவர் சோர்ந்திருந்த சமயம் பார்த்து, ‘ஜியா டான்’ என்ற பெயரில் யாரோ ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல வேலைக்காரர். திருத்தங்களை ஒழுங்காக அனுப்பினார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று பழையவரை நச்சரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் மூட்டை கட்டி முத்திரை போடும் உரிமையும் ஜியா டான் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் சாமர்த்தியம். எல்லோரும் பார்க்கும் பொது ஏட்டில் சோதனைக் கோப்பு என்ற பெயரில் மறைத்து வைத்த சரக்கு மட்டும் இருந்தது. அதைத் தட்டி எழுப்பும் துண்டு அந்த ஏட்டில் இல்லை. கட்டி அனுப்பிய மூட்டையில் மட்டுமே இருந்தது. ஏட்டைப் படித்தவர் கண்ணில் படாது. மூட்டையை வாங்கியவர் ஏட்டோடு ஒத்துப் பார்க்க மாட்டார். உலகத்தின் எத்தனையோ சர்வர்களுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழையும் வழி அதில் இருந்தது.

பிடித்தவர் போலீசோ, பாதுகாப்பு நிபுணரோ அல்ல. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் சோதனைப் பதிப்பில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடி! வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்து 2024 மார்ச் 29-ந் தேதி உலகுக்கு அறிவித்தார். விஷப் பொதி டெபியனின் சோதனைப் பிரிவுகளோடு நின்றுவிட்டது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. ஜியா டான் யார் என்பது இதுவரை வெளியாகவில்லை.

புதிய பொதியை உடனே எல்லோருக்கும் அனுப்பாமல், முதலில் ‘சிட்’ என்ற பிரிவில் வைத்து, பிறகு சோதனைப் பிரிவுக்கு மாற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போல நிலையான பதிப்பாக வெளியிடும் டெபியனின் பழக்கத்தைச் சிலர் கிழட்டு நடை என்று கேலி செய்வதுண்டு. அன்றைக்கு அந்தக் கிழட்டு நடைதான் காப்பாற்றியது. பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் புதுமை தேவையுமில்லை. தேர்வு நாளில் திறக்காத மென்பொருள் எவ்வளவு புதிதாக இருந்து என்ன பயன்?

நமக்கு இதில் என்ன?

கேரளத்தில் பத்தாம் வகுப்பு மாணவ, மாணவியர் கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வை இந்தச் சுதந்திர மென்பொருள்களில்தான் எழுதுகிறார்கள். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே தேர்வுதான். எஸ்டேட் தொழிலாளியின் மகளும் திருவனந்தபுரத்துச் செயலக அதிகாரியின் மகனும் திறப்பது ஒரே பொதி. பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தால், வீட்டில் போட்டுப் பழக யாரால் முடியும், யாரால் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. இதைப் பென் டிரைவில் வாங்கிப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளத் தடையில்லை. திருட்டுப் பிரதி என்ற பயமும் இல்லை.

தமிழ் எழுத்துகளும் பொதியாகத்தான் வருகின்றன. 2002-ல் கோழிக்கோட்டு மாணவர் பைஜு தொடங்கிவைத்த ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற குழு மலையாள எழுத்துருக்களைச் செய்து பொதியாக்கித் தந்தது. அந்தக் குழுவினர் தமிழுக்கும் ஓர் எழுத்துரு வெளியிட்டிருக்கிறார்கள். ‘மீரா இனிமை’ என்று பெயர். வடிவமைத்தவர் கே.எச். ஹுசைன். தமிழ்நாட்டுக் காரியமாக இருக்க வேண்டியதை மலையாள நண்பர்கள் செய்து வைத்திருப்பதில் நமக்குச் சந்தோஷமும் வேண்டும், கொஞ்சம் கூச்சமும் வேண்டும். சென்னையிலும் வேலை நடக்காமலில்லை. சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். இந்திய மொழிகள் பலவும் அதில் உண்டு.

இந்தக் காரியத்தில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். டெபியனில் பட்டம் கேட்பதில்லை, வேலையைத்தான் பார்க்கிறார்கள். முதலில், கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு பொதியை எடுத்துச் சீர்செய்து, அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் வழியாக ஏற்ற வேண்டும். நாளடைவில் நேரடியாக ஏற்றும் உரிமை கிடைக்கும். அதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. விண்ணப்பிப்பவரின் மின்னணு முத்திரை அவருடையதுதானா என்று ஏற்கெனவே உள்ள உறுப்பினர் உறுதி செய்ய வேண்டும். வழக்கமாக இது நேருக்கு நேர் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து நடப்பது. பார்சலுக்குக் கையெழுத்து வாங்குவதைப் போலத்தான். அந்தக் கையெழுத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கேரளத்திலேயே உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.