நீலம்தான் தகராறு!

மைசூர் அரண்மனையில் ஞாயிறு மாலை ஏறத்தாழ ஒரு லட்சம் குண்டு பல்புகள் எரிகின்றன. நம்மவர்கள் அதைப் படம் பிடிக்கும் செல்போன்களில் பலவற்றுக்கு ஓ.எல்.இ.டி. திரை. பல்பில் இழை சூடேறி ஒளிர்கிறது. இந்தத் திரையிலோ கரிமச் சேர்மங்கள் மின்சாரம் பாய்ந்ததும் சூடேறாமலே ஒளிர்கின்றன. 1987-ல் அமெரிக்கக் கோடாக் கம்பெனியின் டாங், வான் ஸ்லைக் இருவரும் இதற்கு வழி திறந்தனர்.

சிவப்பும் பச்சையும் சொன்னபடி கேட்கின்றன. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம்; அந்த ஆற்றலே மூலக்கூறின் பிணைப்பை முறித்துவிடுகிறது. மின்சாரத்தைச் சிக்கனமாக ஒளியாக்கும் இரிடியம் சேர்மங்கள் நீலத்தில் மட்டும் விரைவில் கெடுவதால், மின்சாரம் விழுங்கும் பழைய ரகமே பெரும்பாலும் ஓடுகிறது. பல திரைகளில் நீலப் புள்ளியைப் பெரிதாக வைப்பதும் அதன் பாரத்தைக் குறைக்கத்தான்.

2012-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவினர் இரிடியம் இல்லாமலே அதே சிக்கனத்தைக் காட்டினர். அந்த வழியிலும் நீலத்தின் ஆயுள் இன்னும் இழுபறிதான்.