மூக்கில் தெளித்த ஹார்மோன்

பிரசவ வார்டில் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். அதைப் போலச் செயற்கையாக உருவாக்கிய மருந்து கார்பெடோசின். இதை மூக்கில் தெளித்தால் பிராடர்-வில்லி நோயின் தீராப் பசியும் மனப்பதற்றமும் தணியுமா என்று சோதித்தார்கள். 15ஆம் குரோமோசோம் கோளாறால் வரும் அரிய நோய் அது. குறைந்த அளவு மருந்து முதலில் நம்பிக்கை தந்தது. ஆனால் 2022இல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. 2025இல் பசியைத் தணிக்கிறதா என்று பார்த்த பெரிய ஆய்விலும் பலனில்லை.

வீட்டுக் கட்டுப்பாடுகள் இன்னும் கைகொடுக்கின்றன: சாப்பாட்டு நேரம் மாறக் கூடாது, தின்பண்டம் கண்ணில் படக் கூடாது. சமையலறைக்குப் பூட்டா என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அடுத்த வேளை எப்போது, என்ன என்பது உறுதியாகத் தெரிந்தால் இந்நோயுள்ள பிள்ளையின் பதற்றம் குறையும். பிறந்த குழந்தை துவண்டு, பால் உறிஞ்சச் சிரமப்பட்டால், மருத்துவரிடம் இந்நோய் பற்றியும் கேளுங்கள்.