முதுமை, உழைப்பு, மருத்துவம்: சம்மாந்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

இலவச மருத்துவத்தைப் போற்றுகின்ற நாம், அது எவருடைய உடலை மனங்கொண்டு அமைக்கப்பட்டது என்று வினவுவது குறைவு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியபோது, தாய்சேய் மரணமும் தொற்றுநோயுமே தலையாய பிரச்சினைகளாயிருந்தன. மருத்துவிச்சி வீடு தேடிச் சென்றாள், அது பெருஞ்சாதனை. இன்று நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அறுபது வயதும் அதற்கு மேற்பட்டோரும் சனத்தொகையில் 12 சதவீதத்தைத் தாண்டிவிட்டனர். அவர்களை வீடு தேடிச் செல்லும் ஏற்பாடோ அந்த அளவுக்கு வேரூன்றவில்லை. 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் முதலில் 40 முதல் 65 வயதுடையோரையே பரிசோதனைக்கு அழைத்தன. நீரிழிவும் குருதியமுக்கமும் 66இல் விடைபெறுவனவல்ல. உழைப்புச் சக்தியின் வயதே மருத்துவத்தின் வயதாகக் கொள்ளப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

சம்மாந்துறை வயல் சார்ந்த ஊர். போடியாரின் காணியில் கூலிக்கு வேளாண்மை வெட்டியவருக்கும் களைபிடுங்கிய பெண்ணுக்கும் ஊழியர் சேமலாப நிதி எட்டாக்கனியே. 1987ஆம் ஆண்டின் விவசாயிகள் ஓய்வூதியம் சந்தா கட்ட முடிந்தவர்க்குரியது. (இம்முதியோரிடம் நாட்டார் கவிகளைச் சேகரித்த நம்மவர், அவர்களது முழங்கால் வலியைக் குறித்துக்கொள்ளவில்லை.)

இப்பிரதேசத்து முஸ்லிம்களிடையே வீடு சீதனமாக மகளுக்குச் செல்கிறது. மருமகன் அவ்வீட்டுக்கு வருகிறார். ஆகவே முதிய பெற்றோரின் பராமரிப்பு பெரும்பாலும் மகளின் ஊதியமற்ற உழைப்பாகிறது. வைத்தியசாலை விடுதியும் துணைக்கு நிற்க ஒருவர் இருப்பார் என்றே எதிர்பார்க்கிறது. மகள் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றுவிட்டால் அவ்விடத்தில் நிற்பவர் யார்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர வழிசெய்கிறது. வறுமைப்பட்ட மகளிடம் வறுமைப்பட்ட தாய் எதைக் கோருவது?

கட்டணம் சிறிதாயினும் முதலில் தடுக்கப்படுபவர் முதியவரே. இடதுசாரிகள் பங்குகொண்ட, என். எம். பெரேரா நிதியமைச்சராயிருந்த அரசாங்கமே 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1977இல் அது நீக்கப்பட்டது. 2022இன் நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டு, வெளியே வாங்குமாறு துண்டு எழுதப்பட்டபோது அக்கட்டணம் வேறு வடிவில் மீண்டது எனலாம்.

சம்மாந்துறை ஆதார வைத்தியசாலையின் கிளினிக்குக்கு ஒரு முதியவர் வந்துபோவது, கூட வருபவரின் ஒருநாட் கூலியையும் விழுங்குகிறது. நிலைமை சீரானவர்க்கு இரண்டு மாத மருந்தை ஒருமிக்கக் கொடுத்தல், மாதமொருமுறை வயற்புறக் கிராமங்களிலேயே கிளினிக் நடத்துதல், துணையற்றவர்க்கு விடுதியில் சம்பளம் பெறும் பராமரிப்பாளரை நியமித்தல் ஆகியவற்றுக்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.