கடலோர நகரில் ஒரு கடைவீடு: வாங்கலாமா?

காலை நிகழ்ச்சியில் வீட்டுக் கடன் பற்றி அரைமணி நேரம் பேசினால் போதும், அன்று முழுதும் தொலைபேசி ஓயாது. அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரில் வேலை செய்யும் பினாங்குப் பிள்ளைகள். "ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றை வாங்கினால் என்ன?"

இதே கேள்வியோடு நானும் என் கணவரும் அண்ணனும் கடந்த ஆண்டு பல வார இறுதிகளில் அந்தத் தெருக்களைச் சுற்றினோம். ஏஜெண்ட், வழக்கறிஞர், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார் என்று பலரிடம் பேசினோம். அதில் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

வாடகையில் வாழ்ந்த தெரு

1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு துறைமுகம் வளர்ந்தது. அதோடு நம்மவர்களும் வந்தார்கள். கப்பலில் மூட்டை தூக்கியவர்கள், வட்டிக்கடை வைத்த செட்டியார்கள், கடல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தார்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், லெபு குயினில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் இன்றும் அதற்குச் சாட்சி.

ஆனால் அங்கே வாழ்ந்த நம்மவர்களில் பலர் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. என் பாட்டி லெபு குயினில் ஒரு கடையின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. வாடகையும் குறைவு, வெளியேற்றுவதும் எளிதல்ல. அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை ஏறியது, குடும்பங்கள் கிளம்பின. பாட்டி ஆயர் ஈத்தாமுக்குப் போனார்.

கோயில் அருகே மாலை கட்டும் பெரியவர் ஒருவரிடம் பேசினேன். "இந்த மாடியிலதாம்மா நாங்க இருந்தோம். இப்ப தினமும் பஸ் ஏறி வர்றேன். கடை இங்க, தூக்கம் அங்க" என்றார்.

தைப்பூச இரதம் புறப்படும்போதும் தீபாவளிச் சந்தையின் போதும் லிட்டல் இந்தியாவில் கூட்டம் நெரிகிறது. இரவில் விளக்கணைத்துப் படுக்கும் குடும்பங்கள்தான் குறைந்துவிட்டன. பாரம்பரிய நகரில் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது, யார் அங்கே தங்குகிறார்கள், யார் வந்துவிட்டுப் போகிறார்கள் என்பதையும் பேசத்தான் வேண்டும்.

வீடு உங்களுடையது, முகப்பு ஊருடையது

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவும் ஜோர்ஜ்டவுனும் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜோர்ஜ்டவுனில் மைய மண்டலம் சுமார் 109 ஹெக்டர், அதைச் சூழ்ந்த காப்பு மண்டலம் சுமார் 150 ஹெக்டர். நீங்கள் பார்க்கும் வீடு எதற்குள் வருகிறது, எந்தப் பிரிவுக் கட்டடமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பதை விலை பேசும் முன்பே மாநகர் மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்டலத்துக்குள் இருந்தால் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. முகப்பு, மரச் சன்னல்கள், கூரை ஓடு, முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதை, நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றம் ஆகிய அனைத்துக்கும் விதிகள் உண்டு. மைய மண்டலத்தில் புதிதாகக் கட்டினாலும் உயரம் 18 மீட்டரைத் தாண்டக்கூடாது. காரை வீட்டுக்குள் நிறுத்த முன்சுவரை உடைக்கலாம் என்று நினைத்தால் அந்த எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

சுவர் மூச்சு விட வேண்டும்

பழைய கடைவீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் போன்ற பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தேங்கும். ஓரிரு ஆண்டில் பூச்சு உப்பி உதிரும். "வீடு பார்க்கப் போனால் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க, சுவரின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்க" என்றார் அந்தக் கொத்தனார்.

மரத் தரையின் உத்திரங்களில் கரையான் உண்டா, ஓட்டுக் கூரை ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள். முடிந்தால் மழை நாளில் போங்கள். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவானது. அங்கே நடக்கும் வேலையில் உங்கள் சுவர் விரிசல் விடலாம். சனிக்கிழமை இரவு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்ப்பதும் நல்லது. பகலில் அமைதியாக இருக்கும் இடம் இரவில் மதுக்கூடங்களின் சத்தத்தில் அதிரலாம்.

கடல் எவ்வளவு பக்கம்?

லெபு பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு. ஒரு காலத்தில் அதன் ஓரம்தான் கடல். 1880களில் கடலைத் தூர்த்துப் பெங்காலான் வெல்ட் உருவானதால் அந்தத் தெரு உள்ளே போய்விட்டது. ஊர் தாழ்வாக இருப்பதால் பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் தண்ணீர் வடிய இடமில்லை. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கடல்மேல் கால்நட்டு நிற்கும் சீனக் குல மரவீடுகளைப் பார்த்து ஆசைப்படுபவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்கள் இருப்பது தற்காலிக உரிமத்தின் பேரில். நம் கணக்கில் 'வீட்டு கிராண்ட்' என்று சொல்லும் நில உரிமைப் பத்திரம் அவற்றுக்குக் கிடையாது. பத்திரம் இல்லாத வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது.

கணக்கு போடுவோம்

எடுத்துக்காட்டாக ஒரு கடைவீட்டின் விலை 12 லட்சம் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் தந்தால் உங்கள் கையிலிருந்து 1,20,000 ரிங்கிட். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, 5 லட்சம் வரை 2, பத்து லட்சம் வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 32,000. கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 5,400. ஆக 1,57,400 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் தனி. பழுதுபார்க்கும் செலவு இன்னும் தொடங்கவே இல்லை.

கிராண்டில் நிலத்தின் பயன்பாடு என்னவென்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வங்கி அதை வைத்துத்தான் வீட்டுக் கடனா, வணிகக் கடனா என்று முடிவு செய்யும். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஜோர்ஜ்டவுனில் பல கட்டடங்கள் வக்ஃபு, கோயில் அறநிலையம், சீனச் சங்கம் ஆகியவற்றுக்குச் சொந்தம். சிலவற்றில் தாத்தா இறந்து இரண்டு தலைமுறை ஆகியும் சொத்து பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

அண்ணன் தங்கை சேர்ந்து வாங்கினால்?

தனியாக முடியாததால் அண்ணனோடு சேர்ந்து வாங்கலாம் என்று அம்மா சொன்னார். நம் குடும்பங்களில் இது வழக்கம்தான். ஆனால் வழக்கறிஞர் ஒன்றை விளக்கினார். நம் நாட்டு நிலச் சட்டப்படி பங்குதாரர் ஒருவர் இறந்தால், அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகாது. அவருடைய வாரிசுகளுக்கே போகும். உயில் இல்லையென்றால் இன்றைய இரண்டு பங்கு நாளை எட்டுப் பங்கு. யார் பழுது பார்ப்பது, விற்பதா வைப்பதா என்பதில் ஒருவர் கையெழுத்து வராவிட்டாலும் வீடு பூட்டியே கிடக்கும். நாங்கள் பார்த்த பாழடைந்த வீடுகளில் சிலவற்றின் கதை இதுதான். சேர்ந்து வாங்குவதானால் பங்கு, மாதத் தவணை, விலக விரும்பினால் என்ன செய்வது எல்லாவற்றையும் எழுத்தில் வைத்து, உயிலும் எழுதிவிடுங்கள்.

"இப்பவே சாவைப் பத்தி எழுதணுமா?" என்று அம்மா முகம் சுளித்தார். அண்ணன்தான், "எழுதலன்னா பிள்ளைங்க சண்டை போடுவாங்கம்மா" என்றார்.

கடைசியில் கடைவீடு எங்கள் வருமானத்துக்குள் அடங்கவில்லை. மண்டலத்துக்கு வெளியே, ஐந்து லட்சத்துக்குக் குறைவான ஒரு பழைய அடுக்குமாடி வீட்டுக்கு என் கணவரும் நானும் கையெழுத்திட்டோம். இந்த விலைக்குள் முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு அரசு முத்திரை வரி விலக்கு அறிவித்து வந்திருக்கிறது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வசதி இருந்து, மண்டலத்துக்குள்ளேயே வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் தங்கும் விடுதியாக மாற்றும் முன் ஒருமுறை யோசியுங்கள். மேல்மாடியையாவது ஒரு குடும்பத்துக்கு நியாயமான வாடகைக்கு விட முடியுமா என்று பாருங்கள். கோயில் மணி கேட்கும் தூரத்தில் பிள்ளைகள் பள்ளிச் சீருடை மாட்டிக் கிளம்பும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றோடு உங்கள் வீடும் சேரட்டும்.