உங்களுக்குத் தெரியுமா? கரை மரத்துக்கும் பட்டா உண்டு

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரை, வாய்க்கால் கரைப் புறம்போக்குகளில் நிலத்துக்குப் பட்டா கிடைக்காது. ஆனால் அங்கு வளரும் மரத்துக்கு மட்டும் தனிப் பட்டா பெற வழி உண்டு. அதன் பெயர் ‘2-சி பட்டா’.

• புளி, பனை, தென்னை போன்ற மரங்களின் பலனை அனுபவிக்கும் உரிமையை மட்டுமே இது தருகிறது. மண் அரசுடையதாகவே இருக்கும். அதில் வீடு கட்டவோ உழவோ முடியாது. கிராம நிர்வாக அலுவலரின் 2-சி கணக்கில் இம்மரங்கள் பதிவாகின்றன.

• ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் ஆகியவை அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. பொதுப்பணித் துறைக் கண்மாய்களை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டம் வந்தது.

• பனையின் சல்லிவேர்கள் அடர்ந்து பரவிக் கரை மண்ணை இறுகப் பிடிக்கின்றன. மழைவெள்ளம் கரையை அரிப்பதும், மண் கண்மாய்க்குள் சரிந்து கொள்ளளவு குறைவதும் இதனால் மட்டுப்படும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

• கரையில் மரம் வளர்ப்பவருக்கு ஆண்டுதோறும் பலன்; கண்மாய்க்குக் காவல். வைகைப் பாசனத்தை நம்பியிருக்கும் இச்சமவெளியில் போற்றிக் காக்க வேண்டிய விதி இது.