தோல் கழிவிலிருந்து டீசல்... விவசாயிகள் கவனிக்க வேண்டியவை!

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை விவசாயிகளிடம் தோல் தொழிற்சாலை பற்றிப் பேசினால், முதலில் வருவது உப்பேறிய கிணற்றின் கதைதான். அந்தத் தொழிற்சாலைக் கழிவில் ஒரு பகுதியை வண்டி ஓட்டும் எரிபொருளாக மாற்ற முடியும்.

எது அந்தக் கழிவு?

ஒரு டன் உப்பிட்ட தோலைப் பதப்படுத்தினால், கடைசியில் கிடைக்கும் தோல் கால் பங்குகூடத் தேறாது. மிச்சமெல்லாம் கழிவு. சுண்ணாம்பில் ஊறிய தோலின் உட்புறத்தை இயந்திரத்தில் சீவும்போது, சதையும் கொழுப்பும் ஜவ்வாக வெளியே வரும். இதை ‘ஃபிளெஷிங்’ என்பார்கள். முன்பிருந்தே தச்சர்களுக்கான வஜ்ரப் பசை காய்ச்சவும் இது பயன்பட்டது. குவித்து வைத்தால் அழுகி நாறும். மழையில் கரைந்து ஓடைக்குப் போகும்.

எப்படி டீசல் ஆகிறது?

ஜவ்விலுள்ள சுண்ணாம்பை நீக்கி, வேகவைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். அதைப் பிரித்து, நீரை வற்றவைக்க வேண்டும். பழைய கொழுப்பில் அமிலத்தன்மை அதிகம். நேரடியாகக் காரத்தைச் சேர்த்தால் சோப்பாகிவிடும். அதனால் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைப்பார்கள். அடுத்து மெத்தனாலும் காரமும் சேர்த்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். வினை முழுமையாக நடந்தால், 100 கிலோ கொழுப்புக்குச் சுமார் 100 கிலோ பயோடீசல், 10 கிலோ கிளிசரின் கிடைக்கும். கொழுப்பு எடுத்தபின் எஞ்சும் சக்கையைச் சாண எரிவாயுக் கலன் போன்ற கலனில் இட்டு எரிவாயு எடுக்கலாம்.

டீசலில் 5 சதவிகிதம் பயோடீசல் கலப்பதை 2030-க்கான இலக்காக வைத்துள்ளது, மத்திய அரசின் 2018-ம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கை.

விவசாயிகளின் கேள்விகள்

உருக்கிய கொழுப்பை ஆயில் இன்ஜினில் ஊற்றலாமா?
கூடாது. டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. நாசில் அடைத்து, கரி படிந்து, இன்ஜின் கெடும். பயோடீசல் வாங்கினாலும் ஐ.எஸ் 15607 தரச்சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். கொழுப்பிலிருந்து எடுத்த பயோடீசல் குளிரில் உறையும் தன்மை கொண்டது. மார்கழியில் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் ஃபில்டரை அடைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே தயாரிக்கலாமா?
வேண்டவே வேண்டாம். கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமான விஷம்தான் மெத்தனால். தவிர, சுண்ணாம்புத் தொட்டியில் சேர்க்கும் சல்பைடு ஜவ்விலும் இருக்கும். அதில் அமிலம் பட்டால் கிளம்பும் நச்சுவாயு சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்கள், தகுந்த ஆலையில் செய்ய வேண்டிய வேலை இது.

தோல் கழிவை வயலுக்கு உரமாகப் போடலாமா?
‘சும்மா தருகிறோம்’ என்றாலும் வாங்கக் கூடாது. ஜவ்வில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. குரோம் ஏற்றிய பிறகு சீவும் நீல நிறத் தூள் இன்னும் ஆபத்தானது. அதிலுள்ள குரோமியம் மண்ணிலேயே தங்கிவிடும்.

பாலாறு சுத்தமாகிவிடுமா?

பயோடீசல் தயாரிப்பு, குவியும் ஜவ்வைத்தான் குறைக்கும். கிணற்றைக் கெடுக்கும் உப்பும் குரோமியமும் கழிவுநீரோடு வருபவை. ஆகவே, ‘கழிவு எரிபொருளாகிறது’ என்பதற்காகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் சலுகை காட்ட இடமில்லை. ஏரி, ஓடையில் ஜவ்வையோ நீலத் தூளையோ யாராவது கொட்டினால், தேதியுடன் படம் எடுத்து, விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.